மட்டி வரிசையின் கடைசி ஆள்

கீழ்வீட்டில் மாவு கரைக்கிறார்கள். கரண்டியில் ஒட்டிய மாவை உதற, பாத்திரத்தின் விளிம்பில் தட்டும் சத்தம் கேட்கிறது. டொக். டொக். அலுமினியம்தான், சந்தேகமில்லை. எவர்சில்வர் இப்படி ஒலிக்காது, அது கொஞ்சம் கூவும். கையில் இருந்த புத்தகத்தை மடித்துவிட்டு அடுத்த தட்டலுக்குக் காத்திருக்கிறேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதற்கும் தள்ளி இன்னொன்று என்று தொலைவு வரை போக வேண்டும். போகாது. கோயம்புத்தூரில், நாலு மாடிக் கட்டடத்தில், ஒரு வீட்டுக் கரண்டி ஒரு பாத்திரத்தைத்தான் தட்டும். ஆனாலும் காத்திருக்கிறேன். காலடியில் சேறு நெகிழ்கிறது.

திருகோணமலைக்குப் பக்கத்தில், கிண்ணியாப் பாலத்தின் அடியால் உள்ளே போய் அகலும் குடா அது. மட்டி என்கிற சிப்பியை எடுக்கும் பெண்கள் கரையிலிருந்து ஆழத்தை நோக்கி ஒரே வரிசையாக இறங்குவார்கள். ஒவ்வொருத்தியின் இடுப்பிலும் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் மிதக்கும் ஒரு பேசின். முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை கால்சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துணி. கால்கள் சேற்றைத் துழாவும். விரலில் ஓடு தட்டுப்பட்டால் மூச்சைப் பிடித்துக் குனிவார்கள், மட்டியோடு நிமிர்வார்கள், பேசினுக்குள் போடுவார்கள். முதல் ஆளுக்குத் தண்ணீர் முழங்காலுக்கு வரும். கடைசி ஆளுக்குக் கழுத்துக்கு.

அந்தத் தண்ணீரில் பள்ளங்கள் உண்டு. மண் அள்ளும் தோணிகள் தோண்டிவிட்டுப் போனவை. கிடங்கு என்பார்கள். நேற்று இல்லாத கிடங்கு இன்றைக்கு இருக்கும். அதற்காகத்தான் தட்டல். கரையோரம் நிற்பவள் ஒரு மட்டி ஓட்டால் தன் அலுமினியப் பேசினைத் தட்டுவாள். அடுத்தவள் தட்டுவாள். அப்படியே போய்க் கடைசி ஆளிடம் சேரும். அவள் இரண்டு தரம் தட்டுவாள். எல்லோரும் நிற்கிறார்கள் என்று பொருள். நடுவில் ஒரு தட்டல் விழாவிட்டால் அத்தனை பேரும் வேலையை விட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். கூப்பிட்டுக்கொண்டால் என்ன என்று முதல் நாள் கேட்டேன். பெண் குரல் ஊருக்குள் கேட்கக் கூடாதாம். தோணிகளில் ஆண்கள் போகிறார்கள். பேசின் பேசினால் யாருக்கும் குறையில்லை.

நான் எப்படி அங்கே போனேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த வேலையிலும், எந்த வீட்டிலும், நிலைகொள்ளாத ஆள் நான். கிராமத்துப் பெண்களோடு வேலை செய்யும் சின்ன அமைப்பு ஒன்று தொண்டராக வர ஆள் தேடுகிறது என்று ஒருவர் சொன்னார். நாடு பொருளாதார நெருக்கடியிலிருந்து எழுந்துவிட்டது என்று செய்தித்தாள்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். அமைப்பின் அலுவலகம் பாலையூற்றில் ஒரு வாடகை வீடு. முன்னறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு அலுமாரி, ‘எழுந்து நில்’ என்று எழுதிய சுவரொட்டி. பின்னறையில் என் பாய். பெண்களுடைய அனுபவங்களைக் கேட்டு எழுதுவதும், வாரம் ஒருமுறை தலைமைத்துவம் பற்றிக் கூட்டம் நடத்துவதும் என் பொறுப்பு. தலைமை பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

சீனன்குடா விமானத்தளத்தைத் தாண்டி பஸ் போகும்போதெல்லாம் எண்ணெய்க் குதங்கள், பழைய ராட்சதத் தொட்டிகள், காட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். துருப்பிடித்து, வயிறு வீங்கி, வெறுமையாக. அவற்றைப் பார்த்தால் எனக்கு ஏனோ பசிக்கும்.

முதல் நாள் கரைக்குப் போனபோது மட்டி அவிந்துகொண்டிருந்தது. உப்பும் சேறும் கலந்த, கொஞ்சம் இனிப்பான, கொஞ்சம் அழுகலான ஆவி. கல் கூட்டி வைத்த அடுப்பைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, வாய் திறந்த மட்டிகளிலிருந்து சதையை நோண்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். குடையோடும் கைப்பையோடும் நான் நின்றேன். கூட்டத்திலேயே நெட்டையாக இருந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இந்தியாவில இரிந்து எங்களுக்கு என்ன படிச்சுத் தர வந்திரிக்கீங்க?”

“தெரியலைங்க. உங்களுக்கு என்ன வேணும்னு கேட்கத்தான் வந்தேன்.”

அத்தனை பேரும் சிரித்தார்கள்.

“பேச்சப் பாருங்ககா. டீவி நாடகத்தில வாற மாமியாரேதான்!”

“மாமியார் எண்டா நல்ல மாமியாரோ, கெட்ட மாமியாரோ?”

“இனித்தானே தெரியும்” என்றாள் நெட்டைக்காரி. “இரிங்க இந்தியா அக்கா. குடைய மடக்குங்க, நெருப்பில விழுந்திரும்.”

அன்றிலிருந்து நான் இந்தியா அக்கா. அவளை எல்லோரும் கடைசி ராத்தா என்று கூப்பிட்டார்கள். ராத்தா என்றால் அவர்கள் வழக்கில் அக்கா, உம்மா என்றால் அம்மா. கடைசி, வரிசையின் கடைசி. என்னைவிட நாலைந்து வயது இளையவளாக இருப்பாள். “நெட்டையாப் பொறந்ததுக்கு அல்லாஹ் தந்த உத்தியோகம்” என்பாள், கழுத்தைத் தடவிக்கொண்டு. அந்தக் கழுத்தில் தண்ணீர்மட்டம் ஒரு கோடாகக் கறுத்துப்போயிருந்தது.

அவள் கதையை நான் கேட்டு எழுதவில்லை. மட்டி நோண்டும்போது தானாக வந்தது. புருஷன் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறான். ஒரே மகள். அந்தப் பிள்ளை சின்னதாக இருந்தபோது, மூத்த சகோதரியிடம் விட்டுவிட்டு வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.

“போய்த் திரும்பி வந்து எயாப்போட்டில இறங்குறன். மகள் எங்கட ராத்தாட முந்தானைக்குப் பின்னால ஒளிஞ்சு நிண்டு, ‘உம்மா, இது யாரு?’ண்டு கேக்காள். ராத்தாவக் கேக்காள், உம்மாண்டு. என்னக் காட்டிக் கேக்காள், யாருண்டு.” கத்தி நிற்கவில்லை, மட்டி மட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. “பொறகும் ஒரு தரம் போனன். போகாம ஏலாம இரிந்திச்சு. இப்ப அவள் என்னோடதான் படுக்காள். உம்மா எண்டு என்னத்தான் கூப்பிடுறாள். இந்தத் தண்ணி இரிக்கும் மட்டும் இனி நான் ஏற மாட்டன் இந்தியா அக்கா, அந்தப் பிளேனில.”

சீனன்குடாவிலிருந்து பயிற்சி விமானம் ஒன்று எழும்பி எங்கள் தலைக்கு மேல் வளைந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இன்னொரு நாள், பொட்டில் அடித்தமாதிரிக் கேட்டாள். “நீங்க வெளிநாட்டுக்கு வந்தா தொண்டர். நாங்க வெளிநாட்டுக்குப் போனா கத்தாமா. என்ன வித்தியாசம்?” கத்தாமா என்பது அந்த நாடுகளில் வேலைக்காரிக்கு, குசினியில் சமைத்துப் பாத்திரம் கழுவுகிறவளுக்கு, பெயர். அவளே பதிலும் சொன்னாள்: “ஒங்களுக்குக் குசினியில வேலை இல்ல.” சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றிரவு என் பாயில் படுத்துக்கொண்டு, சிரித்திருக்கத்தான் வேண்டுமா என்று யோசித்தேன்.

குழுவுக்கு ஏதாவது கருவி வாங்கித் தர அமைப்பிடம் கொஞ்சம் பணம் வந்தது. என்ன வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டோம். தையல் மெஷின் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்த பொறுப்பாளர் பெண்மணி, பேனாவைத் திறந்தபடி காத்திருந்தார். அவர்கள் கேட்டது பிளாஸ்டிக் பேசின். பழைய அலுமினியப் பேசின்கள் நசுங்கி, விளிம்பு கிழிந்து, இடுப்பைக் கீறின. ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்திருந்தார்கள். மட்டி நிறைந்தால் ஒருபக்கம் சாய்ந்து கவிழும். எல்லோரும் ஒரே குரலாகக் கேட்ட ஒரே பொருள் அதுதான். நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் நியாயமாகத்தான் படுகிறது.

திருகோணமலைச் சந்தைக்கு நாங்கள் போனது கல்யாணச் சாமான் வாங்கப் போனதைப் போலிருந்தது. கடைக்காரர் வாசல் முழுக்கப் பேசின்களைப் பரப்பினார். ஆளுக்கொன்றைத் தூக்கித் தலையில் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

“செவப்பு எனக்கு” என்றாள் கடைசி ராத்தா. “கடைசியில நிக்கிறவள் தூரத்தில இரிந்தே தெரியணும்.”

“நீ செவப்ப எடுத்தா, இந்த வெள்ளைய ஆருக்கு? மையத்துக்குக் கட்டுற துணி மாதிரி இரிக்கு. எனக்கு வாணாம்.”

“இந்தியா அக்காக்குக் குடு. அவங்களுக்குத் தண்ணியப் பாத்தாலே பாதி மௌத்துத்தானே.”

மையத்து என்றால் பிணம், மௌத்து என்றால் சாவு. கடைசியில் வெள்ளையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு மஞ்சளை வாங்கினோம். கூட்டத்திலேயே இளையவள், கல்யாணமாகிச் சில மாதமே ஆனவள், அந்த மஞ்சளை எடுத்துக்கொண்டாள். பழைய பேசின்களை இரும்புக்கடையில் எடைக்குப் போட்டு, அந்தக் காசில் ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கிக் குடித்தோம். இளையவள் இரண்டு ரோல்ஸ் தின்றாள். புதிய பேசின்களைப் பிடித்தபடி எல்லோரும் வரிசையாக நிற்கும் ஒரு படத்தைப் பொறுப்பாளர் எடுத்தார். அது இன்னும் அந்த அலுவலகச் சுவரில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் தண்ணீரில் இறங்கி, கரையோரப் பெண் வழக்கம்போல மட்டி ஓட்டால் தட்டினாள். பொத்.

“பூசணிக்காயத் தட்டுற மாதிரி இரிக்குகா!”

வரிசை முழுக்கச் சிரிப்பு. பொத், பொத், பொத் என்று வேண்டுமென்றே தட்டினார்கள். அன்றைக்குக் காற்றே இல்லை, குடா கண்ணாடியாகக் கிடந்தது. ஒருத்தி மெதுவாகக் கூப்பிட்டாலே அடுத்தவளுக்குக் கேட்டது. தட்டுவதை விட்டுவிட்டுக் கை உயர்த்தினார்கள். அதுவும் போதுமாக இருந்தது. பேசின்கள் நிறையவும் கொண்டன, சாயவும் இல்லை. தண்ணீரின் மேல் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் நீலமுமாக மிதந்தன. அதைப் பார்த்து ஒரு பத்தி எழுதினேன். இப்போது அதை வாசிக்க மாட்டேன்.

பிறகு கச்சான் தொடங்கியது. ஆண்டின் நடுவில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அது. சூடானது, காய்ந்தது, ஓயாதது. வாயைத் திறந்தால் சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பாலையூற்று வீட்டின் தகரக் கூரை பகலெல்லாம் அதிர்ந்தது. எனக்குத் தூக்கம் போனது. யாருடைய பேச்சும் முழுதாகக் காதில் விழாமல், எல்லோரும் எல்லோரிடமும் ‘என்ன? என்ன?’ என்று கேட்டுக்கொண்டிருந்த நாட்கள்.

அப்படியொரு காலையில் நான் கரையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். காற்று நெருப்பைப் படுக்கவைத்தது. நிமிர்ந்தபோது வரிசை வழக்கம்போலத் தெரிந்தது. குனிவதும் நிமிர்வதுமாகத் தலைகள். நடுவில் மஞ்சள் பேசின் மட்டும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதை அழகு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி ராத்தாவும் அந்த நேரத்தில்தான் திரும்பியிருக்கிறாள். அவள் நடந்ததை நான் பார்க்கவில்லை, பாய்ந்ததைத்தான் பார்த்தேன். தண்ணீரை இரண்டு கையாலும் கிழித்துக்கொண்டு போனாள். மஞ்சள் பேசினின் கயிற்றைப் பிடித்துக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தாள். கயிற்றின் மறுமுனையில் இளையவள் வந்தாள். மட்டி நெருக்கமாகக் கிடந்த பக்கம் ஓரெட்டு விலகியிருக்கிறாள். அங்கே புதுக் கிடங்கு. பக்கத்தில் நின்றவர்கள் குனிந்திருந்தார்கள். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு எதுவும் இருக்கவுமில்லை.

கரையில் கவிழ்த்துப் போட்டு முதுகில் அறைந்தார்கள். சேறும் தண்ணீருமாகக் கக்கினாள். மூச்சு வந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளி கட்டி, காய்ச்சல் கண்டு, நாள் கணக்கில் கிடந்து, பிழைத்து வீட்டுக்குப் போனாள். நாங்கள் பார்க்கப் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் மாமியார் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார். இனி அவள் தண்ணிக்கு வர மாட்டாள் என்று, கோபமே இல்லாமல், சீனி போதுமா என்று கேட்கும் அதே குரலில் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்தியது. ஒருத்தியை அண்ணன் மறித்தான். ஒருத்தியை மகனே மறித்தான். யாரும் சண்டை போடவில்லை. கரையில் அடுப்புக் கற்கள் மட்டும் ஒவ்வொரு காலையும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தன.

அமைப்பின் கூட்டத்தில், பேசின்களைப் பற்றி நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசி ராத்தாதான் திறந்தாள்.

“சத்தம் போயிட்டு. கடையில நான் செவப்ப மட்டும்தான் பாத்தன், தட்டிப் பாக்கல்ல.”

“ராத்தா, அது உங்கட பிழை இல்லை” என்றார் பொறுப்பாளர். “எல்லாருந்தானே கேட்டனீங்கள், நாங்களுந்தானே வாங்கித் தந்தனாங்கள். அலுமினியத்திலயே திருப்பி வாங்குவம். நான் மேலிடத்தில கதைக்கிறன்.”

“பேசின் வாங்கலாம் மிஸ். வரிசைய எந்தக் கடையில வாங்குற?”

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே காற்று ஒரு ஓலையை இழுத்துக்கொண்டு போனது.

அவள் விட்டுவிடவில்லை. மிச்சமிருந்த இருவரோடு இறங்கினாள். மூன்று பேரால் வரிசை ஆகாது. கரையோரத்தில் மட்டி கிடையாது, ஆழத்துக்கு மூன்று பேராகப் போனால் ஒருவரையொருவர் எட்ட முடியாது. ஒருநாள் நான் சந்தையில் ஒரு அலுமினியப் பேசின் வாங்கிக்கொண்டு போய், நாலாவது ஆளாக இறங்கினேன். நீச்சல் தெரியாதவள். சேறு என் காலை உறிஞ்சியது. விரல்களால் எவ்வளவு துழாவியும் எனக்கு ஓடுகூடத் தட்டுப்படவில்லை. ஆனாலும் தட்டினேன். டொக். காற்றைத் தாண்டி அது போனது, தெளிவாக, அழகாக. ஆழத்தில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஒங்கட சத்தம் நல்லாக் கேக்குது இந்தியா அக்கா,” என்றாள். முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். தோணிகள் எதுவும் பக்கத்தில் இல்லை. “நீங்க விழுந்தா உங்களயும் தூக்கணும், ஒங்கட பாஸ்போட்டையும் தூக்கணும். ஏறுங்க கரைக்கு.”

ஏறினேன்.

அதன்பின் சில நாட்களில் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். மட்டி உடுப்பில்லாமல், கறுப்பு அபாயாவில், மடியில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு. வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலுக்குப் போய்விட்டு வருகிறாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்ணெய்க் குதங்கள் வந்தன, போயின. விமானத்தளத்து வேலி வந்தது.

“மகள்கிட்டச் சொல்லிட்டீங்களா?”

“சொன்னன்.”

“என்ன சொன்னா?”

“போன எடுத்து, என்ட மொகத்தப் படம் புடிச்சாள். ஒரு பக்கத்தால, மத்தப் பக்கத்தால, முன்னால.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நான் சிரிக்கப் போனன். சிரிக்க வாணாமாம். வீட்டில இரிக்கிற மொகம்தான் வேணுமாம்.”

கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியது. கீழே குடா, காற்றில் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. ஒரு பேசின்கூட இல்லை.

அவள் புறப்பட்ட நாளில் திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் போனேன். என் விசாவும் முடிகிற நேரம்; அடுத்த வாரம் நானும் போக வேண்டியவள். அவளுடைய சகோதரி வந்திருந்தார், மகள் வந்திருந்தாள். பள்ளிக்கூட வெள்ளைச் சீருடையில், தாயின் உயரத்தை எட்டிக்கொண்டிருக்கும் பெண். அழவில்லை. கொழும்பு பஸ்ஸின் ஜன்னலுக்குக் கீழே நின்று, தாயின் சுண்டுவிரலை மட்டும் பிடித்திருந்தாள். தண்ணீர்ப்போத்தல் விற்பவர் எங்களுக்கு நடுவில் புகுந்து போய்க்கொண்டிருந்தார். வெயில் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

சொல்வதற்கு ஏதோ தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“என்ன இந்தியா அக்கா, மொகம் இப்பிடி இரிக்கு? மௌத்தான வீட்டுக்கா வந்தீங்க?”

“போன் பண்ணுங்க ராத்தா.”

“பண்ணுறன். நீங்களும் ஒங்கட ஊருக்குப் போய்ச் சேருங்க. இஞ்ச கரையில தனிய நிண்டு என்னத்தச் செய்யப் போறீங்க?”

நடத்துநர் கடைசியாக ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, பஸ்ஸின் தகர உடம்பை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினார். அவள் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. நானும் அதே பக்கம் திரும்பினேன். பஸ் நகர்ந்தது. மகள் விரலை விடாமல் கூடவே நாலடி நடந்தாள், பிறகு விட்டாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தண்ணீரில் ஒருநாளும் அவ்வளவு உயர்த்தாத குரலில் அவள் கத்தினாள்.

“புள்ள, அந்தச் செவப்புப் பேசின வெயில்ல போட்டு வெக்காத! வெடிச்சிரும்!”

“ஓம் உம்மா.”